கலந்தர் நானாவின் பாதி வேலி

அப்பா வேலிப்பொட்டை அடைத்தபோது நான் கிணற்றடியில் புத்தகத்தோடு இருந்தேன். இரண்டு புதுத் தென்னோலைக் கிடுகும் ஒரு சத்தகக் கத்தியும் கொண்டு வந்தார். ஸ்ரேஷனில் சரக்குப் பகுதிக் கிளாக்கர் அவர். எதைக் கட்டினாலும் கொழும்புக்குப் போகிற மூட்டையைப் போல இறுக்கித்தான் கட்டுவார். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சரித்து அழகு பார்த்தார்.

"அப்பா, அது நானாவின்ர பாதி" என்றேன்.

"நீ புத்தகத்தைப் படி."

எங்களுக்கும் கலந்தர் நானா வீட்டுக்கும் நடுவில் ஒரே வேலிதான். பொதுவேலியை இரண்டு வீட்டாரும் பாதி பாதியாகப் பொறுப்பெடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கையிலிருந்து மாமரம் வரைக்கும் எங்கள் பாதி. மாமரத்திலிருந்து பின்வளவு வரைக்கும் நானாவின் பாதி. கதியால் தடி மாற்றுவதும் கிடுகு கட்டுவதும் அவரவர் பாதியில் மட்டும். அடுத்த வீட்டான் பாதியில் ஒரு கிடுகைக் கழற்றினாலும் குற்றம், கட்டினாலும் குற்றம். ஒருவர் குனிந்து போய்வரக்கூடிய அந்தப் பொட்டு நானாவின் பாதியில், எங்கள் கிணற்றுக்கு நேரே இருந்தது.

அது அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. நானாவின் வளவில் கிணறு கிடையாது. இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள், இரண்டிலும் பாறைதான் தட்டியது. ஆனால் மண் நல்ல மண். நானாவின் மனைவி ஜொஹறா ராத்தாவின் கை அதைவிட நல்ல கை. அவர் வளவின் நாற்றுமேடையில் முளைத்த கத்தரியும் மிளகாயும்தான் இரண்டு வீட்டுப் பாத்திகளிலும் நின்றன. அவருடைய ஆட்டெருதான் எங்கள் வாழைக்கும் போனது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பொட்டு வழியாக அங்கே போனது. காலையில் ராத்தா குடத்தோடு வருவார், திரும்பும்போது அம்மாவின் கையில் ஒரு பிடி முசுட்டை இலையோ இரண்டு கறிமிளகாயோ இருக்கும். இது உன்னுடையது, இது என்னுடையது என்று இரண்டு பெண்களும் ஒருநாளும் பிரித்துப் பேசி நான் கேட்டதில்லை. நானா பாலைப்பழமும் தேனும் வாங்க வண்டியோடு கனகராயன்குளத்துப் பக்கம் போய்விட்டால், அவர் திரும்பி வரும்வரை ராத்தாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அந்தப் பாத்திகள்தான் சாப்பாடு.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் அடைத்தார்.

காரணம் வீட்டுத்தோட்டப் போட்டி. ரெயில்பாதைக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கைகளுக்கென்று ஒரு நலன்புரிச் சங்கம் இருந்தது. வீடு வீடாக வந்து தோட்டம் பார்ப்பார்கள். வளவில் விளைந்ததைக் கொண்டு சமைத்த ஒரு சாப்பாட்டை ருசி பார்ப்பார்கள். முதற்பரிசு பச்சை நிறம் பூசிய ஒரு பூவாளி. எங்கள் ஒழுங்கையில் அறிவித்தலைக் கொடுக்கும் பொறுப்பு அப்பாவுடையது. எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். நானாவின் படலையை மட்டும் தாண்டிப் போனார்.

"அறிவித்தலில கிடக்குது" என்றார் அப்பா, குசினி வாசலில் நின்ற அம்மாவுக்குக் கேட்கும்படி. "வளவு நாற்புறமும் ஒழுங்காக அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும்."

"அது ஆடு மாடு வராமல் இருக்க" என்றேன். "ஜொஹறா ராத்தா ஆடே?"

"வாயைப் பொத்து. போட்டி முடிய நானே திறந்துவிடுறன்."

அம்மாவின் பெயர் அன்னபாக்கியம். கோபம் வந்தால் அவர் பேசமாட்டார். சட்டிகள்தான் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படும். அன்று சட்டிகளும் பேசவில்லை.

பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "அன்னமக்கா! என்ன இது, வேலி வளந்து போச்சு?"

அப்பாதான் பதில் சொன்னார். "போட்டி முடியட்டும் பிள்ளை. பிறகு திறப்பம்."

"சரி ஐயா. கத்தரியிட்டயும் அப்பிடியே சொல்லுறன், போட்டி முடியும் மட்டும் தாகம் எடுக்காதை எண்டு."

"ஸ்ரேஷன் றோட்டுக் கிணறு கிட்டத்தானே."

"ஓம் ஐயா, கிட்டத்தான். ரெயிலில போனால்."

வேலிக்கு அந்தப்பக்கம் குடம் இடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கோபம் வந்தது. பகிடி விட்டுத்தான் தன் தண்ணீரைக் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு.

நான் அந்த நாட்களில் மொழிபெயர்ப்பு நாவல்களாகவே வாசித்தேன். ஆற்றுக்கு வேலி போட்ட பண்ணையார்கள், ரொட்டிக்காக வரிசையில் நின்ற பெண்கள், பனி, குதிரை வண்டி. அநியாயம் என்பது எங்கோ தூரத்தில், மயிர்த்தோல் சட்டை போட்டுக்கொண்டு, பெரிய மாளிகையில் இருப்பது என்று நினைத்திருந்தேன். அது எங்கள் வீட்டுக் கதிரையில் பனியனோடு இருந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆவணி மாதத்துக் கச்சான் காற்று ஈரமான எதையும் விட்டுவைக்காது. துவைத்துப் போட்ட சீலை கொடியில் ஏறுமுன்பே காய்ந்துவிடும். கோர்ட்டில் வாதாடும் பிரக்கிராசி சிற்றம்பலம்தான் சங்கத் தலைவர், நடுவரும் அவர்தான். அவர் ஒரு வழக்குக்காக அநுராதபுரம் போனதால் போட்டி அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு கிழமைக்கும் தள்ளிப்போனது. பொட்டு திறக்கவில்லை. ராத்தா ரெயில்பாதையைக் கடந்து தூக்கி வந்த தண்ணீர் குடிக்கவும் சோறாக்கவும்தான் போதுமாக இருந்தது. மாமரத்தில் ஏறிப் பார்த்தேன். பூவும் பிஞ்சுமாக நின்ற கத்தரி இலைகள் மதியத்தில் நனைந்த துணிபோலத் தொங்கின. காலையில் நிமிர்ந்தன. சில நாட்களில் காலையிலும் நிமிரவில்லை.

கூரையிலிருந்து கழற்றிய பழைய தகரத் தண்ணீர்ப் பீலி ஒன்று பின்வளவில் கிடந்தது. அப்பா வேலைக்குப் போனதும் அதை வேலிக்குக் கீழே செருகி, கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். அந்தப் பக்கத்தில் ராத்தா பேசாமல் வாளியைப் பிடித்தார். எங்கள் கை தெரியவில்லை, தண்ணீர் மட்டும் போனது. இரண்டாம் நாளே பிடிபட்டேன். ஊரெல்லாம் புழுதி பறக்கும்போது வேலியடியில் மட்டும் ஒரு முழம் ஈரம் இருந்தால் சரக்குக் கிளாக்கரின் கண்ணுக்குத் தப்புமா?

அப்பா பீலியை உருவிக் கூரைமேல் எறிந்தார். "கிணறு வத்துறது தெரியேல்லையே உனக்கு?"

"வத்தேல்லை. நேற்றைக்கும் இதே அளவுதான்."

"எங்கட கண்டுக்கே காணாது!"

"வருசா வருசம் கண்டதுதானே அப்பா? இந்த வருசம் மட்டும் ஏன் காணாது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மனதில் இருந்தது வாயால் வந்துவிட்டது. "விசரி, உனக்கு விளங்குதில்லை. அவளின்ர தோட்டத்தைப் பாத்தால் எங்கட தோட்டத்தை ஆர் திரும்பிப் பாக்கப் போகினம்?"

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துவாயை உதறிக்கொண்டு உள்ளே போனார். ஒரு பூவாளிக்காக. அதுவும் தகரப் பூவாளி.

பழம் வாங்க வண்டியோடு போயிருந்த நானா வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். அவருடைய பாதி அல்லவா? அவர் வண்டியை அவிழ்த்துவிட்டு நேரே வேலிக்கு வந்தார். கிடுகைக் கையால் தடவினார். முடிச்சைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ட பாதிய ஐயா கட்டித் தந்திருக்கார்" என்றார். "கூலி கேப்பாரோ தெரியாது."

"வெட்டி எறியுங்கோ நானா! உங்கட வேலிதானே?"

"வேலி என்டதான் மகள். கிணறு ஐயாட." பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்ட பழக்கூடையெல்லாம் ஐயாட கையாலதான் ரெயில் ஏறுது. ஒருநாள் அவர் மறந்து போனார் எண்டு வையுங்கோ, பாலைப்பழம் அங்கயே புளிச்சுப் போகும்."

அப்பா அப்படிச் செய்வாரா? செய்யமாட்டார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் செய்யக்கூடும் என்று நானா பயந்தது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அடுத்தவன் வேலியில் கை வைத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேலியைக் கட்டியது கயிறு மட்டும் அல்ல.

போட்டி நாளில் என்னுடைய பழைய மனையியல் ஆசிரியை விமலேஸ்வரி ரீச்சரும் நடுவராக வந்தார். "கமலாசனி, நீ எங்களோட வந்து வீடுகளைக் காட்டு" என்றார். பிரக்கிராசி வெள்ளைக் குடையோடு முன்னால் நடந்தார்.

முதலில் ரெயில்வே கேற் காவல்காரர் ஐயாத்துரையின் வளவுக்குப் போனோம். ரெயில்பாதையின் பழைய சிலிப்பர்க் கட்டைகளை அடுக்கிப் பாத்தி கட்டியிருந்தார். ரெயில் போகும்போதெல்லாம் அவருடைய மரவள்ளி முழுவதும் ஒருமுறை ஆடி நின்றது. அவித்த மரவள்ளிக் கிழங்கும், அம்மியில் அரைத்த செத்தல்மிளகாய்ச் சம்பலும் வாழையிலையில் வந்தன. ரீச்சர் இரண்டாம் துண்டையும் எடுத்தார். பிரக்கிராசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உறைப்புக் கொஞ்சம் கூட" என்றார்.

"ரெயில் வரேக்க நித்திரை வராமல் இருக்கத்தான் ஐயா இந்த உறைப்பு" என்றார் ஐயாத்துரை.

அடுத்தது ஓவசியர் யோகலிங்கத்தின் பங்களா. தோட்டம் என்றால் வெள்ளையடித்த சாடிகளில் குரோட்டன். ஓரமாக, நுவரெலியாவிலிருந்து கன்று வருவித்து நட்ட நான்கு கோவா, அதுதான் முட்டைக்கோசு. வேலைக்காரர் ஒருவர் பவுசர் வண்டியில் வந்த தண்ணீரைக் குழாயால் அடித்துக்கொண்டிருந்தார். சிமெந்து நடைபாதைகூட நனைந்து பளபளத்தது. கோவாவைப் பச்சையாக அரிந்து, தகரத்தில் அடைத்து வந்த ஏதோ வெள்ளைக் குழம்பில் பிரட்டிக் கரண்டியோடு வைத்தார்கள். பிரக்கிராசி அதை மெதுவாகச் சுவைத்து, "பிரமாதம், கொழும்புச் சாப்பாடு" என்றார். வவுனியாவின் சாப்பாட்டைத் தேடித்தானே புறப்பட்டோம்? என் வாயில் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன். கோவாவைவிட அதுதான் கசந்தது.

எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் ரீச்சர் நானாவின் படலையடியில் நின்றார். "இந்த வளவு?"

"பேர் தரேல்லை" என்றார் பிரக்கிராசி.

"பேர் கேக்கேல்லை" என்றேன். "இந்த ஒழுங்கைக்கு அறிவித்தல் குடுத்தது என்ர அப்பா."

ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிரக்கிராசி படலைக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பேர் தந்தாலும் என்ன பிள்ளை? காஞ்சு கருகிக் கிடக்குது. தண்ணி விடுறதுக்கும் பஞ்சி போல."

பஞ்சி! தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக ரெயில்பாதையைக் கடந்து வருகிறவருக்குச் சோம்பலாம். ராத்தா நாற்றுமேடையடியில் நின்றார். கேட்டிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வேறுபக்கம் பார்த்தார்.

அப்பா இஸ்திரி போட்ட வேட்டியோடு படலையில் காத்திருந்தார். பாத்தி பாத்தியாகக் கூட்டிக்கொண்டு போனார். உண்மையில் எங்கள் தோட்டம் அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. கத்தரி மினுங்கியது. பயிற்றை பந்தலில் தொங்கியது. வேலியின் உச்சியில் முசுட்டைக் கொடி மட்டும் யாரையும் கேட்காமல் இரண்டு பக்கமும் படர்ந்திருந்தது.

"நாற்று எங்க எடுத்தனீங்கள்?" என்று ரீச்சர் கேட்டார்.

"எல்லாம் என்ர கைதான்" என்றார் அப்பா.

"வேலி நல்ல ஒழுங்கு" என்றார் பிரக்கிராசி.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "இஞ்சேரப்பா, சாப்பாட்டைக் கொண்டு வாரும்!"

முசுட்டை இலையைத் தேங்காய்ப்பூவோடு வறுத்த வறையும், கத்தரிக்காய்ப் பால்கறியும், முருங்கையிலைச் சொதியும் செய்யச் சொல்லியிருந்தார். அம்மா தட்டத்தை வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டு வந்து கதிரைமேல் வைத்தார். துணியை எடுத்தார். தட்டத்தில் செம்பும் மூன்று மூக்குப்பேணிகளும் இருந்தன. பேணிகளில் தண்ணீர்.

"என்னப்பா இது?" அப்பாவின் குரல் உடைந்தது.

"கிணத்துத் தண்ணி." அம்மா நடுவர்களைப் பார்த்துத்தான் பேசினார். "சொந்த வளவில விளைஞ்சதைத்தானே வைக்கச் சொன்னனீங்கள்? கத்தரி ஜொஹறாவின்ர மேடையில முளைச்சது. மிளகாயும் அப்பிடித்தான். முசுட்டை அவையின்ர வேலியில ஏறினது. முருங்கைத் தடி அவையின்ர வளவில முறிச்சு வந்து நட்டது. காலமை முழுக்கத் தேடிப் பாத்தன். தனிய எங்கட எண்டு சொல்ல இந்தத் தண்ணிதான் மிஞ்சினது. அதையும் இவர் அவைக்குக் குடுக்காமல் உங்களுக்கெண்டு பூட்டி வச்சவர். குடியுங்கோ."

யாரும் பேணியைத் தொடவில்லை. காற்று தண்ணீரின்மேல் புழுதியைப் போட்டது.

நான் பல இரவுகள் ஒரு பேச்சைத் தயார்செய்து வைத்திருந்தேன். நாவல்களில் வருவதுபோல் நீண்ட பேச்சு, சுதந்திரம் என்ற சொல்கூட அதில் இரண்டு இடத்தில் இருந்தது. அதில் ஒரு வரியும் ஞாபகத்துக்கு வரவில்லை. கூரைச் சிலாகையில் செருகியிருந்த சத்தகத்தை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன்.

"வேலியில கை வையாதை!" என்று அப்பா கத்தினார்.

"இது நானாவின்ர பாதி. கை வச்சது நீங்கள்."

முடிச்சுகள் சாகும்வரை சண்டை பிடித்தன. கிடுகு சரிந்து விழுந்தபோது அந்தப் பக்கத்தில் ராத்தா வெறுங்குடத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் கருகிய பாத்திகள் தெரிந்தன. ரீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"வாங்கோ ராத்தா" என்றேன்.

அவர் அசையவில்லை. "நீங்க வெட்டினீங்க மகள், சந்தோசம். ஆனா அடைச்சது ஐயா. ஐயா கூப்பிடட்டும்."

அப்பா தரையைப் பார்த்தார். பிரக்கிராசி குடையை விரித்து, "சரி, வெயில் ஏறுது" என்று புறப்பட்டார். ரீச்சர் மட்டும் ஒரு பேணித் தண்ணீரை எடுத்துக்கொண்டு பொட்டு வரைக்கும் போய், குனிந்து, அந்தப் பக்கத்துக் கத்தரி ஒன்றின் அடியில் ஊற்றிவிட்டுப் போனார். நல்லவர்தான். ஆனால் ஒரு பேணித் தண்ணீர் எந்தக் கத்தரிக்குக் காணும்? பின்னேரம் செய்தி வந்தது. பூவாளி ஓவசியருக்கு.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. "கறி இல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

"எங்கட வளவில ஒண்டும் விளையேல்லை" என்றார் அம்மா. "தண்ணி கிடக்குது, குடியுங்கோ."

கோபக்காரரின் மௌனம் வேறு, பசித்தவரின் மௌனம் வேறு. பொழுது சாயும்வரை அப்பாவின் மௌனம் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மெல்ல மாறியது. கடைசியில் எழுந்து, பொட்டுக்குப் போனார்.

"பிள்ளை ஜொஹறா" என்றார், தனக்கு மட்டும் கேட்கும்படி.

"கேக்கல்ல ஐயா. காத்துப் பெரிசு."

"தண்ணி அள்ள வாங்கோ எண்டன்."

"ஆர் ஐயா? என்னையோ?"

எதிர்வளவில் துவைத்த சீலையை எடுக்க வந்த ஒரு பெண், எடுக்காமல் நின்றார்.

"ஓம், உங்களைத்தான்! தண்ணி அள்ள வாங்கோ!"

"பொட்டு அடைச்சிருந்திச்சே ஐயா. ஆர் அடைச்சது?"

அந்தப் பக்கத்தில் நானா இருமுவது கேட்டது. அது இருமல் அல்ல என்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும்.

"நான்தான் அடைச்சனான்!" அப்பா கத்தினார். "நான்தான்! காணுமே?"

"காணும் ஐயா" என்று சொல்லி, ராத்தா குனிந்து உள்ளே வந்தார். கப்பி கிறீச்சிட்டது. முதல் குடத்தை நிறைத்து நிமிர்ந்தபோது, "பூவாளி ஆருக்காம்?" என்று கேட்டார்.

"ஓவசியருக்கு."

"நல்லது. குரோட்டனுக்குத்தான் தாகம் கூட."

இருட்டும்வரை நானும் அம்மாவும் நானாவும் ராத்தாவும் அள்ளி ஊற்றினோம். மிளகாயில் கொஞ்சம் தப்பியது. கத்தரியில் பாதிக்கு மேல் தப்பவில்லை. வேரோடு பிடுங்கியபோது கையில் சுள்ளியாக வந்தது. பிஞ்சுகள் காம்பிலேயே கறுத்திருந்தன. நானா அதை ஆட்டுக்குப் போட்டார். ஆடு முகர்ந்துவிட்டு விலகியது. மன்னிப்பு என்ற சொல்லை அப்பா அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. பசிதான் அவரைப் பொட்டுவரை நடத்தியது, நீதி அல்ல. அதை நான் மறக்கப்போவதில்லை.

அம்மா அடுப்பை மூட்டினார். சோறும் முசுட்டை வறையும். அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்து, சமாதானம் தேடுகிறவர்போல, "வறை நல்லாயிருக்கு" என்றார்.

"நானாவின்ர பாதியில பிடுங்கினது" என்றேன்.

கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த கவளத்தைப் பிசைந்தார். அதையும் நல்லாயிருக்கு என்று சொன்னால் அதே பதிலைத் திருப்பிச் சொல்ல, நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.